பருத்தி முகக்கவசம்: வீட்டிலேயே தைப்போம், அதன் எல்லையையும் அறிவோம்



2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த பிறகு முகக்கவசம் இல்லாமல் ரேசன் கடை வாசலில்கூட நிற்க முடியாத நிலை வந்தது. மருந்துக் கடைகளில் மாஸ்க் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் வாய்க்கு வந்த விலை. மத்திய அரசு மார்ச் 13 அன்று முகக்கவசத்தை அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. மார்ச் 21 அன்று மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாதுன்னு உச்ச விலையும் வைத்தது. அந்தப் பத்து ரூபாய்க்கே வாங்கினாலும் கணக்குப் போட்டுப் பாருங்க. அது ஒரு நாள் போட்டுக் கழற்றி எறிகிற பொருள். வீட்டில் ஐந்து பேர் என்றால் நாளைக்கு 50 ரூபாய், மாதத்துக்கு 1,500 ரூபாய். ஒரு ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு காய்கறியை வெளியே கொண்டுபோக முடியாமல் தவித்த குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பக்கத்திலேயே நிற்கிற செவிலியருக்கும், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளருக்கும் அந்த மருத்துவ முகக்கவசமும் என்-95 கவசமும் கட்டாயம் தேவை. சந்தைக்குப் போய் வரும் நமக்கு நல்ல பருத்தித் துணியே போதும். அதை வீட்டிலேயே எப்படித் தைப்பது, எப்படித் துவைப்பது, அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைப் பார்ப்போம். கடைசிக் கேள்விதான் நம்மைப் போல வயலில் நிற்கிறவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்டது.

துணிக் கவசம் புதுசு இல்லை

1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கில், மஞ்சூரியா பகுதியில், நுரையீரல் பிளேக் பரவியது. அதை அடக்க ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டவர் ஊ லியன் தே என்ற மருத்துவர். நம்ம தமிழர்கள் நிறைய பேர் குடியேறிய பினாங்கில் 1879-இல் பிறந்தவர் இவர். இந்த பிளேக் எலி, தெள்ளுப்பூச்சியால் மட்டும் வருவதில்லை, மூச்சு வழியாக ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது என்று இவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. மெல்லிய வலைத் துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் கவசத்தை எல்லோரையும் போடச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை மறுத்து, கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே நோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் ஊரே கவசம் கட்டியது.

அந்தக் கொள்ளை நோய் ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்று 1911 வசந்த காலத்தில் அடங்கியது. துணி மட்டுமே அதை அடக்கவில்லை. நோயாளிகளைத் தனியே வைத்தார்கள், ரயில் பயணத்தைக் கட்டுப்படுத்தினார்கள், பிணங்களை எரித்தார்கள். அவற்றோடு சேர்ந்து துணியும் வேலை செய்தது. கொரோனாக் காலத்திலும் கதை அதேதான். இடைவெளியும் கை கழுவுதலும் இல்லாமல் முகக்கவசம் மட்டும் போதாது.

ஏன் பருத்தி?

பேசும்போதும் தும்மும்போதும் இருமும்போதும் எச்சில் துளிகள் வெளியே தெறிக்கின்றன. கிருமி அந்தத் துளிகளில் ஏறித்தான் பயணம் போகிறது. துளி வாயை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடித்துவிட்டால் எதிரில் இருப்பவர் தப்பிப்பார். ஆகவே துணிக் கவசத்தின் முதல் வேலை, நம்மிடமிருந்து மற்றவரைக் காப்பது. மற்றவரும் போட்டிருந்தால் நமக்கும் காப்பு.

பருத்தி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் முறுக்கிய நாடா மாதிரி இருக்கும். பாலியஸ்டர் இழை போல வழவழவென்று இருக்காது. அந்த முறுக்கிலும் சொரசொரப்பிலும் துளியும் தூசும் ஒட்டிக்கொள்கின்றன. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், காற்றையும் விடும். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும், இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தாலும், நாள் முழுக்க வெயிலில் கிடந்தாலும் தாங்கும். மே, ஜூன் வெயிலில் பாலியஸ்டர் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் இருந்து பாருங்க, வித்தியாசம் தெரியும்.

எந்தத் துணி?

பருத்தி என்றாலே போதாது, நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்க. ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்தால் அது ஆகாது. தோளில் போடுகிற ஈரிழைத் துண்டு, மல் துணி, கொசுவலை போன்ற துணி எல்லாம் ரொம்ப இளநெசவு. காடா துணி, பாப்ளின், பாவாடைத் துணி, பருத்திப் படுக்கை விரிப்பு, கெட்டியான கைலி, நல்ல வேட்டி இவையெல்லாம் சரிப்படும். பழசாக இருந்தாலும் நைந்துபோகாமல் இருக்க வேண்டும். நாலு முழ வேட்டி ஒன்றில், நைந்த இடத்தைத் தள்ளிவிட்டாலும் ஏழெட்டுக் கவசம் தேறும்.

எத்தனை அடுக்கு? உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5 அன்று வெளியிட்ட வழிகாட்டலில் குறைந்தது மூன்று அடுக்கு வேண்டும் என்றது. மூன்றடுக்கு போட்டுவிட்டு மூச்சு முட்டினால் துணி ரொம்பக் கெட்டி என்று அர்த்தம், சற்று மெல்லிய துணியில் தைக்கவும். முகத்தை ஒட்டி வரும் அடுக்கு மிருதுவாகவும், வெளி அடுக்கு மூன்றிலும் நெருக்கமான நெசவாகவும் இருந்தால் நல்லது. உள்பக்கத்துக்கு வேறு நிறத் துணி வையுங்கள். கழற்றி மறுபடி போடும்போது எது உள், எது வெளி என்ற குழப்பம் வராது.

புதுத் துணி வாங்கினால் தைக்கும் முன்பே வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள். கஞ்சிப் பசை போகும், துணி சுருங்க வேண்டிய அளவு முன்பே சுருங்கிவிடும். சாயம் போகிற துணியை மூக்கருகே வைக்க வேண்டாம்.

தைக்கும் முறை

பெரியவர் ஒருவருக்கு வேண்டிய துண்டுகள்:

9 அங்குல அகலம், 7 அங்குல உயரத்தில் 3 துண்டுகள். (சிறுவர்களுக்கு 7 அங்குலம், 5 அங்குலம்.)
பக்க ஓரங்களுக்கு ஒன்றரை அங்குல அகலம், 5 அங்குல நீளத்தில் 2 பட்டைகள்.
கட்டுவதற்கு ஒன்றரை அங்குல அகலம், 40 அங்குல நீளத்தில் 2 பட்டைகள். ஒரே நீளமாகக் கிடைக்காவிட்டால் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்.

1. மூன்று துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுச் சுற்றிலும் ஒரு தையல் போடுங்கள். இனி மூன்றும் ஒரே துணி மாதிரி.

2. 7 அங்குல உயரத்தில் மூன்று மடிப்பு வையுங்கள். ஒவ்வொரு மடிப்பும் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். ஒரு மடிப்புக்கு ஓர் அங்குலத் துணி செலவாகும். மூன்று மடிப்பும் முடிந்ததும் உயரம் 4 அங்குலமாகிவிடும். மடிப்பின் வாய், வெளிப்பக்கம் இருந்து பார்க்கும்போது கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் மேலிருந்து விழுகிற தூசு அதில் பை மாதிரி தங்கும். இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி மடிப்பைத் தைத்துவிடுங்கள்.

3. 5 அங்குலப் பட்டைகளை இரண்டு பக்க ஓரத்திலும் வைத்து மடித்துத் தையுங்கள். மீதி நீளத்தை உள்ளே மடித்துவிடலாம். மடிப்பு இனி அவிழாது.

4. 40 அங்குலப் பட்டையின் நடுவும் கவசத்தின் மேல் ஓர நடுவும் ஒன்றாக வரும்படி வையுங்கள். ஓரத்தைப் பட்டைக்குள் பொதிந்து, பட்டையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். இரண்டு பக்கமும் 15 அங்குலத்துக்குக் குறையாமல் நாடா நீளும். கீழ் ஓரத்துக்கும் இப்படியே.

5. மேல் பட்டையைத் தைக்கும்போதே மூக்குக்கு நேரே 4 அங்குல நீளத்துக்கு மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய மின்கம்பி போதும், துரு பிடிக்காது. இரண்டு நுனியையும் வளைத்துவிட்டால் குத்தாது. கம்பியின் இருபுறமும் குறுக்கே ஒரு தையல் போட்டால் நகராது.

தையல் இயந்திரம் இல்லாவிட்டால் ஊசி நூலில் நெருக்கமாக எதிர்த்தையல் போட்டாலும் நன்றாக நிற்கும். அடுக்குகளுக்கு நடுவில், மூக்கு வாய் வரும் இடத்தில் ஓடு தையல் போட வேண்டாம். ஊசித் துளை ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை.

காதில் மாட்டும் எலாஸ்டிக்கை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். வெந்நீரும் வெயிலும் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் தளர்த்திவிடும், நாள் முழுக்கப் போட்டால் காதும் வலிக்கும். நாடா என்றால் மேல் நாடாவைக் காதுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்தலையிலும், கீழ் நாடாவைப் பிடரியிலும் கட்டலாம். கொண்டை போட்டவர்களுக்கும் தலைப்பாகை கட்டியவர்களுக்கும் இதுதான் தோது.

தையலே வேண்டாம் என்பவர்களுக்கு

18 அங்குலம் உள்ள பெரிய கைக்குட்டை ஒன்றும் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டு இரண்டும் போதும். கைக்குட்டையின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நடுவுக்கு மடியுங்கள். மறுபடி ஒருமுறை பாதியாக மடித்தால் நாலரை அங்குல உயரத்தில் நாலடுக்குப் பட்டை கிடைக்கும். 6 அங்குல இடைவெளி விட்டு இரண்டு ரப்பரையும் மாட்டி, இரண்டு பக்க மிச்சத்தையும் நடுவுக்கு மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். ரப்பரைக் காதில் மாட்டிக்கொள்ளலாம். தைத்த கவசம் அளவுக்கு முகத்தில் படியாது. அவசரத்துக்கு ஆகும்.

சரியாக வந்திருக்கா?

போட்டுக்கொண்டு ஊதிப் பாருங்க. மூக்கின் இரு பக்கமும் கண்ணை நோக்கிக் காற்று வந்தால் கம்பியை இன்னும் அழுத்தி வளைக்கணும். கன்னத்தில் இடைவெளி இருந்தால் நாடாவை இறுக்கணும். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூச்சு சந்து பார்த்துத்தான் போகும். மூக்குக்குக் கீழே மாஸ்க் போடுவதும், பேசும்போது தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசி முடித்ததும் ஏற்றிக்கொள்வதும் வரப்பில் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் கட்டுகிற மாதிரி.

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும், மூச்சுத் திணறல் உள்ளவருக்கும், தானாகக் கழற்ற முடியாதவருக்கும் போட வேண்டாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது, புருசன் பொண்டாட்டியாக இருந்தாலும் சரி. ஆளுக்கு மூன்று வைத்துக்கொண்டால் ஒன்று முகத்தில், ஒன்று கொடியில், ஒன்று கைவசம்.

வயல் வேலையில் எப்போது?

2020 ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. டெல்டாவில் குறுவை நடவுக்குப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். தனியாக வரப்பு வெட்டுகிறவருக்கும், திறந்த வெளியில் தள்ளித் தள்ளி நிற்கிறவர்களுக்கும் முகக்கவசம் அவ்வளவு அவசியமில்லை. குனிந்து நடும்போது வியர்வையிலும் சேற்றிலும் துணி நனைந்துவிடும். நனைந்த துணியில் மூச்சு விடுவது சிரமம், அது சரியாகவும் வேலை செய்யாது. நடவில் ஆளுக்கு ஆள் இடைவெளி விடுவதுதான் முதல் காப்பு. ஆனால் அதே பெண்கள் டிராக்டர் பெட்டியில், ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து வருகிறார்களே, அங்கேதான் கவசம் கட்டாயம் வேண்டும். கூடி உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் கவசம் கழற்றத்தான் வேண்டும், ஆகவே தள்ளி உட்காரணும். நோய் பரவும் காலத்தில் சந்தை, ரேசன் கடை, நேரடி நெல் கொள்முதல் நிலையம், வங்கி வாசல் இங்கெல்லாம் கவசம் இல்லாமல் போக வேண்டாம்.

நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு தைத்துக் கொடுத்தால் என்ன? காப்பித் தண்ணி கொடுப்பது மாதிரி அதுவும் ஒரு மரியாதைதான். ஊர்த் தையல்காரருக்கோ மகளிர் குழுவுக்கோ நாலு நாள் வேலையும் கிடைக்கும்.

துவைப்பது

கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாதீங்க. கீழ் நாடாவை முதலில், மேல் நாடாவை அடுத்து அவிழ்த்து, நாடாவைப் பிடித்தே எடுத்து நேராகச் சோப்புத் தண்ணீரில் போடுங்க. பிறகு கையைக் கழுவுங்க. கொரோனா கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போல அந்த உறையையும் கரைத்துவிடும். நன்றாகக் கசக்கி அலசி, உச்சி வெயிலில் நாள் முழுக்கக் காயவிடுங்க. மழை நாளில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போடலாம். தினமும் துவைக்க வேண்டும். வெளியூர் போகிறவர்கள் துவைத்தது ஒரு பையிலும் போட்டுக் கழற்றியது இன்னொரு பையிலுமாக வைத்துக்கொள்ளுங்க.

வேப்பிலை, மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் இன்னும் நல்லதா என்று நம் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். வேம்பும் மஞ்சளும் நம்ம பொருள்கள்தான், அதற்காக இந்த இடத்தில் சோப்புக்குப் பதிலாக அவற்றை நம்ப வேண்டாம். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் போன்றவற்றைத் துணியில் தடவி நாள் முழுக்க முகர்வதும் கூடாது. குழந்தைகளுக்கு அது கெடுதல்.

தூசுக்கு எவ்வளவு தாங்கும்?

நெல் தூற்றும்போது, மிளகாய் இடிக்கும்போது, சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி தூள் கலந்து விதை நேர்த்தி செய்யும்போது இந்தக் கவசம் நல்ல துணை. பெரிய தூசை நன்றாகப் பிடிக்கும். நுண்ணிய தூசையும் பூஞ்சண வித்துகளையும் முழுசாகப் பிடிக்காது. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் பிரித்து உதறுகிறவர்களுக்கு, வருசக்கணக்கில் அந்தத் தூள் உள்ளே போய் நுரையீரல் கெட்டுப்போகும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதற்கு உழவர் நுரையீரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே வைக்கோல் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிரிக்கணும், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கணும். கவசம் அதற்கு மேல் ஒரு காப்பு.

நஞ்சைத் தடுக்காது

இதைப் பக்கத்து வயல்காரரிடமும் சொல்லுங்க. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக் காட்டுக்குப் பூச்சிக்கொல்லி அடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உழவர்களும் கூலிக்கு மருந்தடிக்கப் போன தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். நம்ம ஊரிலும் மருந்தடிக்கிறவர் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவதைத் தினமும் பார்க்கிறோம். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு முகக்கவசம் வந்துவிட்டதால், "மாஸ்க் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்ற தைரியம் வந்துவிடக் கூடாது.

துணியால் துளியைத்தான் பிடிக்க முடியும், ஆவியைப் பிடிக்க முடியாது. பூச்சிக்கொல்லியின் ஆவி மூன்றடுக்கு அல்ல, முப்பது அடுக்குத் துணியிலும் நுழைந்துவிடும். அதைவிட மோசம் என்னவென்றால், பருத்தி உறிஞ்சும் துணி. தெளிக்கும்போது தெறிக்கிற சாரலைக் குடித்துக்கொண்டு, மூக்குக்கும் உதட்டுக்கும் பக்கத்திலேயே நாள் முழுக்க வைத்திருக்கும். கிருமிக்கு எதிராக நமக்கு உதவிய அதே குணம் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. ஆவியைத் தடுக்கக் கரி அடைத்த தனிக் கவசம் வேண்டும். கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவருக்கு அதை யார் வாங்கித் தருகிறார்கள்? நஞ்சு அடிக்காத வயல்தான் அவருக்கு உண்மையான முகக்கவசம்.

நம்ம பக்கமும் ஒரு வார்த்தை. இயற்கைக் கரைசல் என்றால் எல்லாமே சாது என்று நினைக்க வேண்டாம். இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். புகையிலைக் கரைசலில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறி, வாந்தியும் தலைச்சுற்றலும் கொடுக்கும். காற்றோட்டத்தைப் பார்த்து அடிங்க, கைக்கு உறை போடுங்க, நனைந்த துணியை உடனே மாற்றுங்க.

கடைசியில் மண்ணுக்கு

கடையில் விற்கும் ஒருமுறை மாஸ்க் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. ரோட்டோரத்தில் எறிந்தால் மக்காது, மேய்கிற ஆடு மாடு வாயிலும் போகும். பருத்திக் கவசம் நைந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் கொதிக்கவைத்துத் துவைத்து, கம்பியை உருவிவிட்டு, சின்னச் சின்னதாக வெட்டி எருக்குழியில் போடுங்க. பருத்தி நூலில் தைத்திருந்தால் தையலும் சேர்ந்தே மக்கும்.

கரிசல் காட்டில் மானாவாரியாகக் கருங்கண்ணிப் பருத்தி போட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சு நூலாகி, பக்கத்து ஊர்த் தறியில் துணியாகி, நம்ம ஊர்த் தையல்காரர் கையில் கவசமாகி, கடைசியில் அதே மண்ணுக்குத் திரும்பினால், நாலு குடும்பத்துக்குச் சோறும் கிடைக்கும். இந்த வாரம் வீட்டில் இருக்கிற வேட்டி ஒன்றை எடுத்துத் தைத்துப் பாருங்க. தைத்ததில் இரண்டை, மருந்தடிக்கிற பக்கத்து வயல்காரரிடம் கொடுத்து, இது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டு வாங்க.